பணியில் இறந்த தீயணைப்பு வீரரின் பிள்ளைகளுக்குக் காப்பீட்டு அட்டை செல்லுமா?

நொய்யல்கரை
12 ஆகஸ்ட் 2024, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கமுங்க. இங்கே இதுவரை விசைத்தறி மின்கட்டணம் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு வேறு விஷயம்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் தீயணைப்புத் துறையில் இருந்தார். போன மாசியில் பல்லடம் பக்கம் ஒரு கழிவுப் பஞ்சு குடோனில் தீ. பஞ்சுத் தீ மேலுக்கு அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கங்கு கனன்றுகொண்டே கிடக்கும். பேலை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தண்ணீர் அடிக்க வேண்டும். இரண்டாம் நாள் விடியக்காலையில் அப்படிப் பிரித்துக்கொண்டிருந்தபோது சுவர் சரிந்துவிட்டது. 47 வயது. 1999இல் வேலைக்குச் சேர்ந்தவர்.

மரியாதையில் குறை வைக்கவில்லை. ஸ்டேஷன் ஆட்கள் பதினாறாம் நாள்வரை வீட்டோடு இருந்தார்கள். இப்போது சிக்கல் வேறு இடத்தில். சின்னவனுக்கு 9 வயது. இதயத்தில் ஓட்டை இருப்பதைப் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு போன வருடமே கண்டுபிடித்துச் சொன்னது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றார்கள். மாப்பிள்ளை இருந்தபோது 'கார்டு இருக்குதில்ல, பார்த்துக்கலாம்' என்பார்.

போன வாரம் கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். காப்பீட்டுக் கவுண்டரில் கார்டைக் கொடுத்தோம். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, 'இந்த நம்பர் நடப்பில் இல்லைங்க, சார் எங்கே வேலை பார்க்கிறார்?' என்று கேட்டார். தங்கச்சி பதில் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். எஸ்டிமேட் 2 லட்சத்து 80 ஆயிரம்.

என் கேள்வி இதுதான். அவர் இறந்துவிட்டால் பிள்ளைகளுக்கு அந்தக் காப்பீடு தொடருமா, தொடராதா? அலுவலகத்தில் ஒருவர் தொடரும் என்கிறார், இன்னொருவர் பென்ஷன் வந்த பிறகு பார்க்கலாம் என்கிறார்.


வாய்க்கால்மேடு
12 ஆகஸ்ட் 2024, இரவு 10.15

ஆழ்ந்த இரங்கலுங்கண்ணா. முதலமைச்சர் காப்பீட்டில் போட்டுவிடுங்கள். 5 லட்சம் வரை உண்டு. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் இருந்தால் கலெக்டர் ஆபீசிலேயே பதிந்து தருவார்கள். எங்கள் அம்முச்சிக்கு அப்படித்தான் முழங்கால் ஆபரேஷன் ஆச்சு.


கருவூலத்தார்_ஓய்வு
13 ஆகஸ்ட் 2024, காலை 6.20

நான் ஈரோடு மாவட்டத்தில் சார் கருவூலங்களில் 31 வருடம் இருந்தவன். மேலே தம்பி சொன்னது நல்ல மனசோடு சொன்னது, ஆனால் இவர்களுக்குப் பொருந்தாது. முதலமைச்சர் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியம் வந்துவிட்டால் அதை நாலைந்து மாதத்திலேயே தாண்டிவிடும். விஏஓ எழுதித் தர மாட்டார், எழுதித் தந்தாலும் வாங்காதீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு திட்டங்கள். ஒன்று பணியில் இருப்பவர்களுக்கு. 2021 ஜூலையில் தொடங்கியது, சம்பளத்தில் மாதம் 300 ரூபாய் பிடிப்பார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அதில் குடும்பம். பிள்ளைகளுக்கு 25 வயது, வேலை, கல்யாணம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. நான்கு ஆண்டுகளுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம், சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம்.

இரண்டாவது ஓய்வூதியர்களுக்கு. 2022 ஜூலையில் தொடங்கியது, மாதம் 497 பிடிக்கிறார்கள். எனக்கும் பிடிக்கிறார்கள். மருத்துவப்படி என்று ஒரு கையால் 300 கொடுத்து இன்னொரு கையால் 497 எடுப்பார்கள், அது தனிக் கதை. இந்தத் திட்டத்தில் யார் யார் வருவார்கள் என்பதில்தான் உங்கள் சிக்கல் இருக்கிறது. ஓய்வூதியர் என்றால் அவரும் அவருடைய துணையும். குடும்ப ஓய்வூதியர் என்றால் அவர் ஒருவர் மட்டும். இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் மனதில் இருந்தது 60 வயதுக்கு மேற்பட்டவர்கள். அந்த வயதில் பிள்ளைகள் கல்யாணமாகி வேறு வீட்டில் இருப்பார்கள். 47 வயதில் ஒருவர் போய்ச் சேர்ந்து, 9 வயதுப் பையனோடு ஒரு பெண் குடும்ப ஓய்வூதியர் ஆவாள் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

ஆக, உங்கள் தங்கச்சிக்குக் காப்பீடு வரும். பிள்ளைகளுக்கு அந்த வழியில் வராது.

உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் சம்பளத்தில் கடைசியாக 300 பிடித்த மாதம் எது என்று அவருடைய அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம். சம்பளப் பில் போடும் கிளார்க்குக்கு ஐந்து நிமிட வேலை. அதை வைத்துத்தான் மேற்கொண்டு யாரிடமும் பேச முடியும்.

அப்புறம், அவர் 1.4.2003க்கு முன் சேர்ந்தவர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் பின்னால் சொல்கிறேன்.


மஞ்சள்மண்டி
13 ஆகஸ்ட் 2024, காலை 11.05

வருத்தமான செய்திதான். கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே மண்டியில் மூட்டை தூக்குபவர் மூட்டை சரிந்து செத்தால் அவர் பிள்ளைக்கு யார் காப்பீடு கொடுக்கிறார்கள்? தாலுகா ஆபீசில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போனவரும் அரசு ஊழியர்தான். தீயணைப்புக்கு மட்டும் தனிச் சலுகை என்றால் அது நியாயமா? நிவாரணம் ஒரு தொகை கொடுத்திருப்பார்களே.


நொய்யல்கரை
13 ஆகஸ்ட் 2024, மதியம் 1.30

மண்டிக்கார அண்ணா, கோபமில்லை. மூட்டை தூக்குபவர் பிள்ளைக்கும் கொடுக்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஒன்று. தீப்பிடித்தால் எல்லோரும் வெளியே ஓடுவார்கள், இவர்கள் உள்ளே போவார்கள். போக மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. அந்த உத்தரவு போட்டவர்களுக்கு இந்தப் பையன் விஷயத்தில் கொஞ்சம் பொறுப்பு இருக்கிறதா இல்லையா?

நான் தனிச் சலுகை கேட்கவில்லை. பிப்ரவரி மாதம் வரை இருந்ததைத்தான் கேட்கிறேன்.

கருவூல ஐயா, நன்றிங்க. 2003 விஷயம் சரியாகத் தெரியாது, சொல்லுங்கள். இன்னொன்று, இறந்த உடனே குடும்பப் பாதுகாப்பு நிதி என்று 5 லட்சம் வந்தது. அதில் கொஞ்சம் வீட்டுக் கடனுக்குப் போய்விட்டது.


கருவூலத்தார்_ஓய்வு
13 ஆகஸ்ட் 2024, மாலை 4.45

குடும்பப் பாதுகாப்பு நிதி என்பது அவர் மாதம் 110 ரூபாய் கட்டி வந்ததற்கு வந்த தொகை. முன்பு 60 ரூபாயும் 3 லட்சமுமாக இருந்தது. எப்படி இறந்தாலும், பணியில் இருக்கும்போது இறந்தால் வரும். தீயில் இறந்ததற்கும் காய்ச்சலில் இறந்ததற்கும் அதில் வித்தியாசம் கிடையாது. மண்டிக்காரர் கேட்ட நியாயத்தை அரசு ஏற்கெனவே கடைப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2003 பற்றி. 2024 நிலவரப்படி, தமிழ்நாட்டில் 1.4.2003 அன்றோ அதற்குப் பிறகோ அரசு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம்தான். அவர் இறந்தால் கணக்கில் சேர்ந்த பணத்தை மொத்தமாகக் கொடுப்பார்கள். மாதாமாதம் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. ஓய்வூதியம் இல்லையென்றால் 497ஐ எதில் பிடிப்பது? அதனால் மனைவிக்கும் அந்தக் காப்பீடு இல்லை. உங்கள் தங்கச்சிக்கு முதல் 7 ஆண்டுகள் கடைசிச் சம்பளத்தில் பாதி, பிறகு 30 சதவீதம், அதோடு அகவிலைப்படி வரும். இன்றைக்கு ஸ்டேஷனில் ஓடியாடி வேலை செய்யும் இளவட்டப் பையன்களுக்கு அது கிடையாது. ஆபத்தான வேலையை அதிகம் செய்பவர்கள் அவர்கள்தான்.


காவலர்_குடும்பம்
13 ஆகஸ்ட் 2024, இரவு 11.20

பதிவு போடலாமா வேண்டாமா என்று இரண்டு முறை அழித்துவிட்டு எழுதுகிறேன்.

2003க்குப் பிறகு சேர்ந்தவர் குடும்பம் என்று ஐயா சொன்ன அந்த வகை நான்தான். என் கணவர் 2011இல் காவலராகச் சேர்ந்தவர். 2021 மே மாதம் ஊரடங்கில் சோதனைச் சாவடி டியூட்டி, கொரோனா, ஒன்பதாம் நாள் முடிந்துவிட்டது. மத்திய அரசின் 50 லட்சம் காப்பீடு சுகாதாரப் பணியாளர்களுக்கு என்று இருந்தது, அதில் காவல் துறை இல்லை. அப்போது எனக்கு வயது 31, பெண் குழந்தைக்கு 6, பையனுக்கு 3.

அண்ணா, எல்லோரும் உங்களிடம் திட்டம் திட்டமாகச் சொல்வார்கள். நான் ஒன்றுதான் சொல்வேன். கருணை அடிப்படை வேலைக்குத் தங்கச்சி பெயரில் மனுக் கொடுத்தாயிற்றா? அந்த வேலையை எல்லோரும் சம்பளத்துக்காக என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வருடம் அலைந்து ஒரு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் சம்பளச் சீட்டில் 300 ரூபாய் பிடித்திருந்தார்கள். பக்கத்து இருக்கை அக்கா, 'வந்ததும் வராததுமாப் பிடிச்சுட்டாங்க பாரு' என்றார். நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அர்த்தம் என் பெயரில் கார்டு, அதில் என் இரண்டு பிள்ளைகள். அப்பா பெயரில் போன பாதுகாப்பு அம்மா பெயரில் திரும்பி வந்தது.

இடைப்பட்ட இரண்டு வருடம் பையனுக்கு வீசிங் வந்த ஒவ்வொரு ராத்திரியும் எனக்குத் தெரியும். அரசு மருத்துவமனைதான். அவர்கள் நன்றாகவே பார்த்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் பஸ் ஏறும்போதெல்லாம் ஒரு பயம் இருக்கும், பெரிதாக ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று.

இறந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் மனுக் கொடுத்தாக வேண்டும். வேலை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. மனு நம் கையில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் முதலில். அதற்கே எனக்கு மூன்று மாதம் ஆனது, மாமியார் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததால்.


வாய்க்கால்மேடு
13 ஆகஸ்ட் 2024, இரவு 11.50

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. நான் விவரம் தெரியாமல் எழுதியதற்கு மன்னியுங்கள்.


காவலர்_குடும்பம்
14 ஆகஸ்ட் 2024, காலை 5.55

அட, அதெல்லாம் ஒன்றுமில்லை தம்பி. எனக்கும் அப்போது எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று, 'உங்களுக்கு வராதும்மா' என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும். அப்போது பங்களிப்புப் பணம் வந்திருந்தது, அதையும் வருமானம் என்று சொல்லிவிட்டார்கள். அது சரியா தவறா என்று இன்றுவரை தெரியாது.


ஓய்வு_சுபேதார்
14 ஆகஸ்ட் 2024, காலை 8.10

கோபிக்காரன். ராணுவத்தில் 28 வருடம். எங்கள் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்களுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவி உறுப்பினர், அவளோடு சார்ந்திருக்கும் பிள்ளைகளும் உள்ளே. மகனுக்கு 25 வயது அல்லது சம்பாத்தியம் அல்லது கல்யாணம் வரை, மகளுக்கு வேலையோ கல்யாணமோ ஆகும்வரை. தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. போரில் இறந்தவரின் மனைவியாக இருந்தால் சேரும்போது சந்தாகூடக் கட்ட வேண்டாம். கோயமுத்தூர் பாலிகிளினிக்கில் கூட்டமும் சலிப்பும் இருக்கும், மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள், அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் அப்பன் செத்ததால் பிள்ளை பட்டியலில் இருந்து விழுந்தது என்று நான் பார்த்ததில்லை.

இன்னொரு வேடிக்கை. எங்கள் திட்டம் தொடங்கிய நாள் 2003 ஏப்ரல் 1. கருவூல ஐயா சொன்ன அந்தக் கோடும் அதே நாள். ஒரே காலையில் ஒரு பக்கம் கதவு திறந்திருக்கிறது, ஒரு பக்கம் சாத்தியிருக்கிறது.


பைலட்_108
14 ஆகஸ்ட் 2024, மாலை 6.30

டியூட்டி இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 108 வண்டி ஓட்டுகிறேன். எங்களைப் பைலட் என்பார்கள். இங்கே எல்லோரும் அரசு ஊழியர் கதை பேசுகிறீர்கள். நாங்கள் அரசு வண்டியில் போகிறோம், ஆனால் அரசு ஊழியர் இல்லை. 2008இல் திட்டம் தொடங்கியதிலிருந்து தனி நிறுவனம்தான் நடத்துகிறது. எங்களுக்கு இ.எஸ்.ஐ.

அதனால் எங்கள் ஆட்களுக்குச் சில விஷயம். மாதச் சம்பளம் 21,000 வரைதான் இ.எஸ்.ஐ. ஓவர்டைம் அந்தக் கணக்கில் சேராது. நிறையப் பேர் ஓவர்டைம் சேர்த்துப் பார்த்துப் பயப்படுகிறார்கள். வேலையால் இறந்தால் சார்ந்தோர் உதவித்தொகை உண்டு, சராசரிக் கூலியில் 90 சதவீதம், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்து மாதாமாதம் வரும். ஈமச் செலவுக்கு 15,000. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நடந்தாலும் வேலை விபத்தாக எடுத்துக்கொள்ள 2010இல் சட்டம் திருத்தினார்கள். ஆனால் நேரம், இடம், வேலை மூன்றுக்கும் தொடர்பு காட்ட வேண்டும். டீக்கடை ஓரம் நின்றிருந்தார் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போச்சு.

கொரோனாவில் இறந்த இ.எஸ்.ஐ. ஆட்களுக்கு ஒரு நிவாரணத் திட்டம் போட்டார்கள். அதில் இறந்தவரின் துணை வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் இ.எஸ்.ஐ. மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. எங்கள் டெப்போவில் இருந்த ஒரு அண்ணன் மனைவி அப்படித்தான் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ.க்குப் போய்வருகிறார். 120 ரூபாய். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு.

வண்டி கூப்பிடுகிறது. வருகிறேன்.


சிகாகோ_சென்னிமலை
15 ஆகஸ்ட் 2024, காலை 7.45

சொந்த ஊர் சென்னிமலை. இப்போது இருப்பது அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலம். ஊர்ப் பிரச்சினையில் வெளிநாட்டுக் கதை வேண்டாமே என்று நினைத்தேன், ஆனால் மஞ்சள்மண்டி அண்ணன் கேட்ட கேள்வியை இங்கேயும் அப்படியே கேட்கிறார்கள். அதனால் சொல்கிறேன்.

இங்கே 1976இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பணியில் உயிர்விட்ட போலீஸ், தீயணைப்பு வீரர் குடும்பத்துக்கு ஒரு மொத்தத் தொகை. 50,000 டாலரில் தொடங்கி இன்று 4 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. ஆனால் அது பணம், மருத்துவக் காப்பீடு இல்லை. இந்த ஊரில் காப்பீடு வேலையோடு ஒட்டியது. ஆள் போனால் குடும்பம் பழைய காப்பீட்டை 36 மாதம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நிறுவனம் கட்டி வந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும், அதற்குமேல் 2 சதவீதமும் அவர்களே கட்ட வேண்டும். சம்பளம் நின்ற வீட்டில் அதைக் கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை.

அதனால் சில மாநிலங்கள் தனியாகச் சட்டம் போட்டன. எங்கள் இல்லினாய்ஸில் 1997இல் வந்தது. பணியில் இறந்தாலோ இனி வேலை செய்யவே முடியாத அளவுக்குக் காயம்பட்டாலோ, அவர் வேலை பார்த்த ஊராட்சியோ நகராட்சியோ குடும்பத்துக்கு மொத்தப் பிரீமியத்தையும் கட்ட வேண்டும். மனைவிக்கு மறுமணம் வரை, பிள்ளைகள் சார்ந்திருந்து படித்துக்கொண்டிருந்தால் 25 வயதுவரை. சின்ன ஊர்கள் செலவு தாங்கவில்லை என்று புலம்புகின்றன. எது 'அந்த அளவுக்குக் காயம்' என்று கோர்ட்டு வரை போய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

மாரடைப்பு விஷயமும் உண்டு. நான் முதலில் சொன்ன 1976 சட்டத்துக்கு 2003இல் ஒரு திருத்தம் வந்தது. கடினமான பணியில் இருந்த 24 மணி நேரத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்து இறந்தால் பணியில் இறந்ததாகவே முதலில் எடுத்துக்கொள்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற வேலைக்கு அது பொருந்தாது. மண்டி அண்ணா, உங்கள் தாலுகா ஆபீஸ் உதாரணத்துக்கு இங்கே அப்படிக் கோடு கிழித்திருக்கிறார்கள்.


மஞ்சள்மண்டி
15 ஆகஸ்ட் 2024, மதியம் 12.10

சரி சரி, எல்லோரும் என்னையே அடிக்காதீர்கள். காவலர்_குடும்பம் அம்மணி எழுதியதைப் படித்தபோதே நான் அடங்கிவிட்டேன். எங்கள் மண்டி கிட்டங்கி 2016இல் தீப்பிடித்தபோது இரண்டு வண்டி வந்தது. மஞ்சள் நெடி ஏறி ஒருத்தர் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே போனார். பேர்கூடக் கேட்கவில்லை நான். அது நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

ஆனாலும் மூட்டை தூக்குகிறவர் பற்றி நான் கேட்டது கேட்டதுதான்.


ஆனைமலை_அடிவாரம்
15 ஆகஸ்ட் 2024, இரவு 8.00

மூட்டை தூக்குகிறவர் மாதிரி காட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்கள். தீ எரியும் பங்குனி சித்திரையில் முதலில் மலையேறுவது அவர்கள், யானைக்கு முன்னால் நிற்பதும் அவர்கள். பெரும்பாலும் பழங்குடி இளைஞர்கள், தற்காலிகப் பணி. 300 பிடித்தமும் இல்லை, கார்டும் இல்லை. இந்த இழையின் முதல் பதிலில் வாய்க்கால்மேடு தம்பி சொன்ன முதலமைச்சர் காப்பீடு இவர்களுக்குத்தான் பொருந்தும். வருமான வரம்புக்குள் வருகிறவர்களை உயிரோடு இருக்கும்போதே பதிந்து வைக்க வேண்டும். டாப்சிலிப் பக்கம் நாங்கள் சிலர் விடுமுறை நாளில் ரேஷன் கார்டுகளை வாங்கிப் போய்ப் பதிந்து கொடுக்கிறோம். பொள்ளாச்சிக்காரர்கள் யாராவது வண்டி கொடுத்தால் உதவியாக இருக்கும்.


கவசம்_ஆலோசகர்
16 ஆகஸ்ட் 2024, காலை 10.00

நொய்யல்கரை சார், கவலை வேண்டாம். பிள்ளைகளுக்கு மட்டும் தனியார் பாலிசி போடலாம், 10 லட்சம் கவர், பிரீமியம் மிகக் குறைவு. பழைய நோயைப் பற்றி நான் பார்த்துக்கொள்கிறேன். தனிச் செய்தியில் எண் அனுப்புங்கள்.


கருவூலத்தார்_ஓய்வு
16 ஆகஸ்ட் 2024, காலை 10.25

'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று இங்கேயே சொல்லுங்கள் தம்பி. மறைத்து எழுதுவது என்றுதானே?

நொய்யல்கரை, பாலிசி எடுப்பது தப்பில்லை. பெரிய பெண்ணுக்கு எடுத்து வையுங்கள். சின்னவனுக்கும் எடுக்கலாம், ஆனால் இதய ஓட்டையை விண்ணப்பத்தில் எழுதித்தான் எடுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள். முன்பு 4 வருடம் வரை வைக்கலாம் என்று இருந்தது, 2024 ஏப்ரல் முதல் 3 வருடத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று ஆக்கியிருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் இந்த அறுவை சிகிச்சைக்கு உதவாது. மறைத்து எடுத்தால் பிரீமியமும் போய், கடைசியில் கிளைமும் போகும்.


நொய்யல்கரை
22 செப்டம்பர் 2024, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

கடைசிப் பிடித்தம் பிப்ரவரிச் சம்பளத்தில் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிட வேலை என்று ஐயா சொன்னார். நான்கு நாள் ஆனது, கிளார்க் லீவு. அதை வைத்துக் கேட்டதில் சிகிச்சை ஆகஸ்டில் என்பதால் பழைய கார்டில் வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். பென்ஷன் கோப்பு சென்னையில் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது.

பள்ளியில் பார்த்த மருத்துவக் குழு கொடுத்த சீட்டு மாப்பிள்ளையின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. தங்கச்சிதான் தேடி எடுத்தாள். அது பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியத் திட்டமாம், பிறவிக் குறைபாடுகளைக் கண்டுபிடித்து 18 வயதுவரை கவனிப்பது. சீட்டோடு கோயமுத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். எக்கோ எடுத்தார்கள். டாக்டர் பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். இப்போதைக்கு அவசரமில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள், முழுப் பரீட்சை முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்றார். தனியாரில் எங்களை உடனே சேரச் சொன்னார்கள். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது. இருவரிடமும் காட்டிய பிறகு கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது, அதுவரை சொல்வேன்.

கருணை வேலைக்கு மனுக் கொடுத்துவிட்டோம். தங்கச்சி பிளஸ் டூ. முதலில் மாட்டேன் என்றாள், அவர் இருந்த துறைக்குள்ளேயே போய் உட்கார முடியாது என்று அழுதாள். காவலர்_குடும்பம் அம்மணியின் பதிவை அப்படியே போனில் படித்துக் காட்டினேன். அந்த 300 ரூபாய் வரி வந்ததும், 'இன்னொருக்கா படிங்கண்ணா' என்றாள்.

அப்புறம், மாப்பிள்ளையின் அம்மாவுக்கு 72 வயது. அவருக்கு ஏதாவது உண்டா?


ஓய்வு_சுபேதார்
22 செப்டம்பர் 2024, இரவு 9.50

70 வயது முடிந்த எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் மருத்துவக் காப்பீடு என்று மத்திய அமைச்சரவை செப்டம்பர் 11 அன்று முடிவு செய்திருக்கிறது. பதிவு தொடங்கும்போது ஆதார் கையில் இருக்கட்டும். ஆதாரில் பிறந்த வருடம் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் பாதிப் பேருக்கு ஜனவரி 1தான் பிறந்த நாள்.


காவலர்_குடும்பம்
23 செப்டம்பர் 2024, காலை 6.05

அண்ணா, தங்கச்சியிடம் என் எண்ணைக் கொடுங்கள், தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அலுவலகத்தில் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். மனுவுக்கு ஒப்புகை வாங்கினீர்களா? தேதி முத்திரையோடு நகல் இருக்கிறதா? என்னுடையதை ஒருமுறை காணோம் என்றார்கள்.


நொய்யல்கரை
23 செப்டம்பர் 2024, இரவு 8.40

இருக்குதுங்க. முத்திரை கொஞ்சம் மங்கல், ஆனால் தேதி தெரிகிறது. நாளைக்கு லேமினேட் பண்ணிவிடலாம் என்று இருக்கிறேன்.


கருவூலத்தார்_ஓய்வு
23 செப்டம்பர் 2024, இரவு 8.44

லேமினேட் பண்ணாதீர்கள்! சூட்டில் மங்கல் முத்திரை இன்னும் போகும், அப்புறம் அதில் யாரும் மேலொப்பம் போட முடியாது. நான்கு நகல் எடுத்து, மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.